22,000 ரூபா கூலி

ஹட்டன்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போக விடாதே. கேட்கமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மகள் ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கிறாள். டித்வா புயலில் சரிந்த மண்ணை அள்ளிப் போட்ட பிறகும் நான் ஸ்கூல் வேன் ஓட்டும் தோட்டத்து ரோடு இன்னும் ரோடாகவில்லை. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு குழியும் என் முதுகில் தெரிகிறது.

சரி, உன் கார் விஷயத்துக்கு வருகிறேன். கராஜ்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டைக் கடிதத்தோடு வைத்து அனுப்பிவிட்டு, "கூலி மட்டும் 22,000. இது நியாயமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். அந்தக் காகிதத்தை இந்தக் கிழமை முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் நீ எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். இத்தனை சாமானும் மாற்ற வேண்டும் என்று எப்படி முடிவு செய்தார்கள்? வண்டியை ஜக்கில் தூக்கிப் பார்த்தார்களா, இல்லை, முன்னால் சத்தம் வருகிறது என்று நீ சொன்னதைக் கேட்டு எழுதினார்களா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், வேன் வாங்குவதற்கு முன்னால் நான் வைத்திருந்த காரில் எனக்கு நடந்தது அது. சின்னக் குழியில் விழுந்தாலும் டொக் டொக் என்று சத்தம். டவுனில் ஒரு கராஜில், குலுக்கலை அடக்குகிற முன் ஷொக் இரண்டும் போய்விட்டது என்றார்கள். கூலி மலிவு, நானும் சந்தோஷமாக மாற்றினேன். திரும்பி வரும் வழியில், டிக்கோயா தாண்டவில்லை, அதே டொக் டொக்.

பிறகு ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் காரின் மூக்கைக் கையால் அழுத்தி விட்டார். ஒரு தரம் எழும்பி நின்றுவிட்டது. ஷொக் செத்திருந்தால் இரண்டு மூன்று தரம் ஆடும் என்றார். அப்புறம் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், அது சக்கரத்துக்குக் கீழே இருக்கிற உருண்டை மூட்டான ‘போல் ஜொயின்ட்’டுக்கு. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார், அது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் இரண்டு முனை மூட்டுகளான ரெக் எண்டுக்கும் டை ரொட் எண்டுக்கும். உதவிக்கு நின்ற பொடியனை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைசியில், வளைவில் வண்டி சரியாமல் பிடிக்கிற கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்கை இரண்டு விரலால் பிடித்து அசைத்துக் காட்டினார். கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. பார்த்ததற்கு மட்டும் 1,500 ரூபா வாங்கினார். ஸ்பானரைக்கூட எடுக்காமல் 1,500 ரூபாவா என்று அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேவையில்லாமல் மாற்றிய ஷொக்குக்குக் கொடுத்த காசில் ஒரு துளி அது. அதற்குப் பிறகு, கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்கிறவரிடம் நான் பேரம் பேசுவதில்லை. அந்த வேலையை இலவசமாகச் செய்கிறவர்தான் அதைத் தேவையில்லாத சாமானில் பிடித்துக்கொள்வார்.

இப்போது உன் காகிதம். நாலு வரி இருக்கிறது. முன் ஷொக் இரண்டுக்கும் 6,000. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கிற லோயர் ஆம் இரண்டின் புஷ் நாலுக்கும் 8,000. லிங்க் இரண்டுக்கும் 3,000. ரெக் எண்ட், டை ரொட் எண்ட் எல்லாம் சேர்த்து 5,000. சக்கரங்களை நேராக்குகிற எலைன்மென்ட் தனி. வரி வரியாகப் பார்த்தால் ஒன்றும் அநியாயமாகத் தெரியாது. கூட்டும் இடத்தில்தான் பிழை இருக்கிறது.

உன் டொயோட்டா கொரோலா 121இல் லிங்கின் மேல் முனை ஷொக்கிலேயே பூட்டியிருக்கிறது. ஷொக்கைக் கழற்ற வேண்டும் என்றால் அந்த நட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பழைய லிங்கைத் திரும்பப் பூட்டுவதற்குப் பதிலாகப் புதியதைப் பூட்டப் போகிறார்கள், மிஞ்சுவது கீழே இருக்கிற ஒரு நட்டு. அதற்குத் தனியாக 3,000 கேட்பது, ஒரே மூட்டையை இரண்டு தரம் தராசில் வைக்கிற மாதிரி. ரெக் எண்ட் வேறு வேலைதான், ஆனால் சக்கரம் ஏற்கெனவே கழன்றிருக்கிறது, வண்டி ஏற்கெனவே ஸ்டாண்டில் நிற்கிறது. 5,000 என்பது அந்த வேலைக்கு மட்டுமே வண்டியைக் கொண்டுபோனால் கேட்கிற விலை. 3,500 கொடுக்கலாம்.

புஷ் வேலையின் 8,000இல் கை வைக்காதே. லோயர் ஆம் இரண்டையும் இறக்கி, பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி, புதியதைத் திசை மாறாமல் அமுக்கிப் பூட்ட வேண்டும். சில வண்டிகளில் ஒரு பக்கத்து ஆமின் போல்ட் கியர்பெட்டியில் முட்டிக்கொண்டு வெளியே வராது. குறுக்குச் சட்டத்தையே கொஞ்சம் இறக்க வேண்டி வரும். இருபது வருஷத்து வண்டி, அதுவும் நம் ஊர் மழையில் நனைந்த வண்டி. துருப் பிடித்த ஒரு போல்ட் அரை நாளைத் தின்றுவிடும். கம்பனிக்காரர்கள் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணித்தியாலம் என்று புத்தகம் போட்டிருக்கிறார்கள். பெரிய ஏஜன்ட் கராஜ்களில் அந்த மணியை மணிக்கூலியால் பெருக்கித்தான் பில் வரும். அந்தப் புத்தகத்தில் துருவுக்குக் கணக்கு இல்லை. உன் பாஸுக்கு இருக்கிறது.

ஆக, என் கணக்கில் 17,500. போல்ட் இறுகி அறுக்க வேண்டி வந்தால் அதற்கு மேலே கொஞ்சம், அதையும் வேலை தொடங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள். டவுனுக்கு வெளியே ஒருவர் 9,000க்கு எல்லாம் செய்வதாகச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

ஷொக்கின் மேல் இருக்கிற ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்தில் நிற்கிறது. கிளாம்ப் போட்டுச் சமமாக அமுக்கிப் பிடித்த பிறகுதான் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். கிளாம்ப் இல்லாமல் சங்கிலியாலும் கம்பியாலும் கட்டிக்கொண்டு கழற்றுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அது நழுவினால் எதிரே குனிந்து நிற்கிற பொடியனின் முகம் போய்விடும். அந்தப் பொடியனுக்கு உன் மகன் வயதுதான் இருக்கும். 9,000 ரூபாவில் நல்ல கிளாம்ப் இருக்கிறதா என்று கேள். இருந்தால் சரி.

இன்னொன்று. புஷ் என்பது இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய ரப்பர். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆம் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியவுடன் அந்த ரப்பர் முறுகி நிற்கும். ஓடாமல் சும்மா நிறுத்தி வைத்தாலும் முறுகியே இருக்கும். வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்குப் போட வேண்டும். இதற்கு வண்டியை இறக்கி, பாரத்தோடு தூக்கி வைத்து, திரும்பக் கீழே படுக்க வேண்டும். அவசரக்காரர் செய்யமாட்டார். உன் வண்டி வெலிமடைக்கும் நுவரெலியாவுக்கும் இறங்கி ஏறுகிற வண்டி. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தரமும் பாரம் முன்னால் வருகிறது, பிரேக்கின் இழுப்பை அந்த ரப்பர்தான் தாங்க வேண்டும். முறுகிப் பூட்டிய புஷ் நம் ரோட்டில் நாள் தாங்காது.

இந்தக் கூலி விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாக்கள் ஞாபகம்தான் வருகிறது. நமக்கு இரண்டு கணக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் நாள் கூலிக்கு, அதாவது பேருக்குக் கொழுந்தெடுப்பது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை கிலோக் கணக்கில் கைக்காசுக்கு எடுப்பது ஒன்று. பேர் நாளில் நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். மழை ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோவை வெட்டும்போது என் அம்மா ஒன்றும் பேசாமல் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கைக்காசு நாளில் கை இன்னும் வேகமாக ஓடும், முற்றின இலையும் கூடைக்குள் விழும். நாள் கூலி என்றால் வேலை இழுபடும், எண்ணிக்கைக் கூலி என்றால் வேலை கெடும். கராஜிலும் இதேதான். அதனால்தான் நான் வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசுகிறேன். சத்தம் திரும்பி வந்தால் கூலி இல்லாமல் கழற்றிப் பார்க்க வேண்டும், இத்தனை மாதத்துக்கு என்று. அதற்குச் சம்மதிக்கிறவருக்கு ஆயிரம் கூடக் கொடுக்க எனக்கு மனம் வருகிறது. கைசுறுசுறுப்பான பாஸ் மூன்று மணித்தியாலத்தில் முடித்துவிட்டால், "மூன்று மணித்தியாலத்துக்கு இவ்வளவா" என்று கேட்கவும் மாட்டேன். அந்த மூன்று மணித்தியாலத்துக்குப் பின்னால் முப்பது வருஷம் இருக்கிறது.

சாமான் விலை ஏறியதற்குக் கூலியில் ஈடு கட்டப் பார்க்கிறோம், அது எனக்கு உறுத்துகிறது. 2022இல் டொலர் இருநூறிலிருந்து முன்னூற்று அறுபதுக்குப் போனபோது கொழும்பில் உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் சொன்ன விலைக்குப் பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தோம். ஊருக்கு வந்து பாஸிடம் மட்டும் ஐந்நூறு குறை, ஆயிரம் குறை என்று நின்றோம். 2020இலிருந்து 2025 வரை புது வண்டி இறங்காத நாட்டில் இந்தப் பழைய வண்டிகளை ஓட வைத்தது அவர்கள்தான். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக வருஷக் கணக்கில் ரோட்டில் உட்கார்ந்து, 2021இல்தான் அதை வர்த்தமானியில் பார்த்த தோட்டத்துச் சனம் நாங்கள். இன்னொருவர் கையில் கிரீஸோடு கேட்கிற கூலியை நாங்களே அடித்துக் குறைக்கலாமா? கண்டுபிடித்த பிழையைக் காட்டிக் குறை, அது உன் உரிமை. சும்மா பழக்கத்துக்குக் குறைக்காதே.

அதனால் திங்கட்கிழமை போய் அந்த 22,000காரரிடமே பேசு. கோபமாக வேண்டாம். "லிங்க் நட்டு எப்படியும் கழற்றுகிறீர்கள்தானே பாஸ்" என்று தொடங்கு. விஷயம் தெரிந்து கேட்கிறாய் என்று விளங்கினால் அவரே குறைப்பார். குறைக்கும்போது அவர் முகத்தைப் பார், சிரித்துக்கொண்டு குறைத்தால் அங்கேயே விடு. எலைன்மென்ட் அதே நாளில் செய்ய வேண்டும், ரெக் எண்ட் மாற்றிய வண்டியை நேரே பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். புது ஒரிஜினலா, பாவித்த ரெக்கண்டிஷனா என்று கேட்டிருக்கிறாய். ஷொக்குக்குக் காசிருந்தால் புதியது போடு, ரப்பர் சாமானில் மட்டும் எப்போதும் புதியதுதான். எந்தச் சாமான் போட்டாலும் பூட்டுகிற கூலி ஒன்றுதான், விலை கூடிய சாமானுக்குக் கூலியும் கூடும் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பள்ளி லீவு விட்டதும் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். வேலை முடிந்த வண்டியிலேயே வா, தலவாக்கலைக்கு வரும் வழியில் அந்த வளைவுகளில் எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிடும். கழற்றிய பழைய புஷ்களைக் கராஜில் வீசிவிடாமல் ஒரு பையில் கட்டி டிக்கியில் போடச் சொல். ரப்பர் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன் பழைய வாங்குக் கூட்டாளி.