நெல்லும் ரைஸ், அரிசியும் ரைஸ், சோறும் ரைஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அம்மாவிடம் நேற்று பேசினேன், பாட்டிக்குக் கால்வலி குறைந்திருக்கிறதாம்.

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னது மனசைவிட்டுப் போகவே இல்லை. வகுப்பில் எழுந்து பேசும்போது ஒரு வார்த்தையில் நாக்கு சிக்கி நின்றதும், பின்வரிசையில் சிரித்ததும், பாதியிலேயே நீ உட்கார்ந்துவிட்டதும். "எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா, விட்டுடறேன்" என்றாயே, அப்போது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அழுகிற பிள்ளைக்குப் போனில் என்ன சொல்ல முடியும்? அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அவசரமில்லாமல் படி.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. வியட்நாம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், நம் ஊர்த் தோல் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது, வெளிநாட்டு ஆட்கள் வந்த ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பத்தாவது வரை ஆம்பூரில் தமிழில் படித்தவன். தோலைத் தொட்டே, அதைப் பதப்படுத்தும் எந்த டிரம்மில் என்ன தப்பு நடந்தது என்று சொல்லிவிடுவேன், ஆனால் அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாது. நான் இரண்டு வாக்கியம் பேசியதும், எனக்கு மேலே இருந்தவர் எல்லோர் முன்னாலும் நான் பேசியதை அப்படியே பேசிக் காட்டிச் சிரித்தார். அன்றைக்கு நானும் உன்னைப்போல உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு கூட்டத்திலும் வாயே திறக்கவில்லை.

2019-இல் இங்கே வந்தபோது அந்த பயத்தோடுதான் வந்தேன். ஹோ சி மின் நகரத்தின் (பழைய பெயர் சைகோன்) வடக்கே பின் யுவாங் பக்கம் எங்கள் ஷூ ஃபேக்டரி. தோல் தரம் பார்ப்பது என் வேலை. முதலாளி தைவான்காரர், மெஷின் பார்ப்பவர் கொரியாக்காரர், லைனில் நிற்பவர்கள் வியட்நாம் பெண்கள், தோலுக்கு நான். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரும் இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும், அது எங்களில் யாருடைய வீட்டுச் சொத்தும் இல்லை. முதல் நாள் நான் திக்கியபோது, சுற்றி நின்ற ஆறேழு பேரும் பேசாமல் காத்திருந்தார்கள். லைன் லீடர் அம்மா மட்டும் "து து" என்றார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். அதுதான் நான் கற்ற முதல் வியட்நாம் வார்த்தை.

அவரை நான் "சீ" என்று கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். நம் ஊரில் அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், எனக்கும் ஆரம்பத்தில் வாய் கூசியது. இங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் வயதைத்தான் கேட்பார்கள். அண்ணனா, தம்பியா, சித்தப்பாவா என்று தெரிந்தால்தான் அடுத்த வார்த்தையே பேச முடியும், ஏனென்றால் 'நான்', 'நீ' என்று சொல்லும் இடத்தில் உறவுமுறையைத்தான் சொல்கிறார்கள். சாலையோரம் காபி விற்கிற பையன்கூட என்னைச் "சூ" என்பான். அப்பாவின் தம்பியை அழைக்கிற சொல் அது. இவ்வளவு தூரம் வந்தும் நான் முழுக்க அன்னியனாக உணராததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, பார்த்தவுடன் "அன் கம் சுவா?" என்று கேட்கிற பழக்கம். சோறு சாப்பிட்டாச்சா என்கிறார்கள், அவ்வளவுதான். நம் பாட்டி கேட்கிற அதே கேள்வி.

2021-இல் என்ன நடந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நீ சின்னப் பெண், அம்மா பயப்படுவாள் என்று நான் மறைத்துவிட்டேன். ஜூலையில் இந்த நகரத்தையே அடைத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் வாசலைத் தாண்டவே கூடாது என்றாகிவிட்டது. அப்போது எனக்குக் காய்ச்சல். வாடகை அறையில் தனியாகக் கிடந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. தினமும் காலையில் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் கஞ்சிக் கிண்ணம் இருக்கும். இவர்கள் அதை "சாவ்" என்பார்கள். அரிசியைக் குழைய வேகவிட்டு, இஞ்சியும் வெங்காயத் தாளும் தூவிய கஞ்சி. கிண்ணத்துக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் ஒரு துண்டுச் சீட்டு. பேத்தியிடம் கேட்டுக் கேட்டு அந்த அம்மாவே இங்கிலீஷ் எழுத்தில் எழுதியது. முதல் நாள் சீட்டில் "ஈட் ஹாட்" என்று இருந்தது. இரண்டாம் நாள் "யூ பெட்டர்?" மூன்றாம் நாள் "டோன்ட் சேட்", வருத்தப்படாதே என்று. பதினோரு நாள், பதினோரு சீட்டு. இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன.

யோசித்துப் பார் பாப்பா. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷால் வேலை கிடைக்கப் போவதில்லை, பரீட்சை இல்லை. மாடியில் ஒருவன் காய்ச்சலில் கிடக்கிறான், அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை போய்ச் சேர வேண்டும், அதற்காகப் பேனாவை எடுத்தார். நான் பதிலுக்கு எழுத ஆரம்பித்ததும் அப்படித்தான். 'தேங்க்யூ'வோடு நிற்காமல், கஞ்சி எவ்வளவு நன்றாக இருந்தது என்று ஒரு முழு வாக்கியமாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. கூட்டத்தில் வராத இங்கிலீஷ் எனக்கு அந்த ஸ்டூலின்மேல்தான் வந்தது.

இந்த மனிதர்களின் குணமே அப்படி. இந்த ஊர் வெயில் வேலூர் வெயில் மாதிரி இருக்கும். வீட்டு வாசல்களில் குளிர்ந்த டீ நிரப்பிய கேனும் ஒரு டம்ளரும் வைத்து, 'இலவசம்' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். நம் தண்ணீர்ப் பந்தல்தான், ஆனால் வருஷம் முழுக்க. 2,000 டாங்குக்கு முழுச் சாப்பாடு போடும் கடைகள் உண்டு, நம் காசில் சுமார் 7 ரூபாய். அந்தக் காசையும் எதற்கு வாங்குகிறார்கள் என்றால், சாப்பிட வருபவர் தான் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் என்ற நிமிர்வோடு வரட்டும் என்றுதான். 2020 ஏப்ரலில் வேலை போனவர்களுக்காக ஒருவர் அரிசி ஏடிஎம் வைத்தார். பொத்தானை அமுக்கினால் 1.5 கிலோ அரிசி பையில் விழும். 2024 செப்டம்பரில் யாகி புயல் அடித்த அன்று ஹனோயில் ஒரு பெரிய பாலத்தின்மேல், காற்றில் பைக்குகள் சாயாமலிருக்கக் கார்களும் பஸ்களும் அவற்றை ஒட்டி மெதுவாக ஊர்ந்து போன வீடியோவை நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இவர்களிடம் ஒரு பழமொழி உண்டு: நல்ல இலை கிழிந்த இலையைச் சுற்றிக்கொள்ளும். வாழையிலையில் பொட்டலம் கட்டிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லோருமே இப்படி என்று சொல்லமாட்டேன். சந்தையில் என் முகத்தைப் பார்த்து விலையை ஏற்றுகிறவரும் உண்டு. ஆனால் தப்பாகப் பேசியதற்காக இந்த ஊரில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

சரி, சீயைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்ததே அவருக்காகத்தான்.

வியட்நாம் மொழியில் வார்த்தையின் கடைசியில் 'ஸ்' சத்தம் வராது. அதனால் இங்கிலீஷ் பேசும்போது அதை விழுங்கிவிடுவார்கள். தோலை மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால், நல்ல தோலில் மெல்லிய ரேகைகள்தான் விழும். பட்டை பட்டையாகச் சுருக்கம் விழுந்தால் அது 'லூஸ்'. சீ ஒருமுறை அப்படி ஒரு லாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று நான் லீவு. சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆள் வந்திருந்தார். சீ அவரிடம் திரும்பத் திரும்ப "லூ, லூ" என்று சொல்லியிருக்கிறார். அது அவர் காதில் 'ப்ளூ' என்று விழுந்து, சீ ஏதோ நீலக் கலரைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார், தோலோ பழுப்பு. சரக்கு போய்விட்டது. அப்புறம் மொத்தமும் திரும்பி வந்தது, பழி சீயின் தலையில் விழுந்தது.

மறுநாள் மதியம். இங்கே சாப்பிட்டதும் மெஷின்களுக்கு நடுவே அட்டையை விரித்து எல்லோரும் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். சீ தூங்கவில்லை. ஒரு நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "திஸ் சவுண்ட். டீச் மீ" என்றார். வாயில் பல்லைச் சேர்த்து வைத்து 'ஸ்ஸ்' என்று காற்றை விடச் சொன்னேன். ஐம்பது வயதுப் பெண், ஒன்பதாவது வரை படித்தவர், அரை மணிநேரம் குழந்தைபோல 'ஸ்ஸ்' என்றுகொண்டிருந்தார். பக்கத்து அட்டைகளில் படுத்திருந்தவர்கள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அவர்களும் படுத்தபடியே சேர்ந்து சொன்னார்கள். அப்புறம் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் 'பஸ்' என்று சொல்வதில்லையாம், 'பஸ்ஸு' என்கிறேனாம். உண்மைதான், நமக்குக் கடைசியில் ஒரு 'உ' ஒட்டிக்கொள்ளும். "யூ ஹேவ் மோர், ஐ ஹேவ் நாட். கிவ் மீ" என்றார். உன்னிடம் கடைசியில் மிச்சம் இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் கொடு.

நான்கு வருஷமாக அந்த அரை மணிநேரம் நடக்கிறது. நாளுக்கு மூன்று வார்த்தை, அதற்கு மேல் அவர் ஏற்றுக்கொள்ளமாட்டார். அன்றைக்கு லைனில் தேவைப்பட்டு வாயில் வராமல் போன மூன்று வார்த்தைகள்தான் கணக்கு. வாரத்தில் ஒருநாள் சலித்துப்போய், "மூளைக்குள் இடமில்லை" என்று நோட்டை மூடிவிடுவார். மறுநாள் திறந்துவிடுவார். போன மாதம் அதே வாங்கும் கம்பெனி ஆளிடம் ஒரு தோலை மடித்துக் காட்டி, "சார், லூஸ். டோன்ட் டேக்" என்று சொன்னார். அந்த 'ஸ்' என் காதில் விழுந்தபோது, பத்தாவது ரிசல்ட்டில் உன் நம்பரைப் பார்த்த சந்தோஷம்.

ஒருநாள் அவர் நெல்லுக்கு இங்கிலீஷில் என்ன என்றார். அவர்கள் அதை "லுவா" என்பார்கள். ரைஸ் என்றேன். அரிசிக்கு, "காவ்"? ரைஸ். சோற்றுக்கு, "கம்"? அதுவும் ரைஸ்தான் என்றேன். சீ பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யுவர் லாங்குவேஜ்?" என்று கேட்டார். எங்களுக்கும் மூன்று வார்த்தை என்று சொல்லி, நெல், அரிசி, சோறு என்று எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "இங்கிலீஷ் பீப்பிள் நோ ஃபார்ம்" என்றார். நெல்லுக்கு 'பேடி' என்று ஒரு சொல் அவர்களிடம் இருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, அதுவும் மலாய் மொழியிலிருந்து போனதாம். ஆனால் அன்று சீ சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்த மொழியைப் பார்த்து எனக்கிருந்த பயத்தில் பாதி போய்விட்டது. நமக்குத் தெரியாதது அதில் இருக்கிறது, அதற்குத் தெரியாதது நம்மிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைகோனில் மாரியம்மன் கோயிலுக்குப் போவது உனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம்மவர்கள் கட்டியது. இப்போது கும்பிட வருவதில் வியட்நாம்காரர்களே அதிகம், கருவறைக்குப் பின்னால் சுவரில் நெற்றியை வைத்து மனக்குறையைச் சொல்வார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பூங்கா. அங்கே காலேஜ் பிள்ளைகள் வெளிநாட்டுக்காரர்களைத் தேடி வந்து, உங்களோடு இங்கிலீஷ் பேசலாமா என்று கேட்பார்கள். முதல்முறை என்னிடம் மூன்று பெண்கள் வந்தபோது எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். "சேம் சேம்!" என்று கைதட்டி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். உன் வயதுதான் இருக்கும். ஒரு மணிநேரம் பேசினோம். எத்தனை தப்பு என்று யாரும் எண்ணவில்லை.

உன் வகுப்பில் சிரித்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்குப் பதிலாக, உன்னைப்போலவே வாயைத் திறக்கப் பயந்து கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை நிச்சயமாக இருப்பாள். அவளைக் கண்டுபிடி. தினமும் சாப்பிட்டபின் அரை மணிநேரம் அவளோடு உட்கார். அன்றைக்கு உன் வாயில் வராமல்போன மூன்று வார்த்தையை எடுத்துக்கொள், போதும். அவள் திக்கினால் காத்திரு.

இன்னொரு விஷயம். சீயின் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நீ இங்கிலீஷை விட்டுவிடப் போவதாக நான் சொன்னதும், சீ வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் உன்னோடு பேச வேண்டுமாம். வரும் ஞாயிறு இங்கே பகல் பன்னிரண்டு மணி, உனக்குக் காலை பத்தரை. வீடியோ காலில் வருவாள். நானும் சீயும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்போம், நடுவில் பேசமாட்டோம்.

முதலில் உன் வயதைத்தான் கேட்பாள், பத்தொன்பது என்று சொல். உடனே உன்னைச் "சீ" என்று கூப்பிடுவாள். பயந்துவிடாதே, அக்கா என்கிறாள். அதற்குமுன் நீ சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார், ஏனென்றால் இரண்டாவது கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா