பழைய சிம்பல்களைப் பழைய இரும்போடு போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்பு வந்துவிட்டால், பாடசாலை பாண்ட் அறையின் மூலையிலும் தேவாலயப் பாடகர் குழுவின் அலமாரியிலும் கிடக்கும் சிம்பல்கள் (அடித்து ஒலிக்கும் வட்ட உலோகத் தட்டுகள்) பதிவேட்டில் ‘பித்தளைத் தட்டு, பாவனைக்கு உதவாது’ என்ற ஒரு வரியோடு முடிந்துபோகின்றன. பிறகு கிலோக் கணக்கில் தராசு ஏறுகின்றன. அவற்றுள் பல பித்தளையே அல்ல. வெடித்தது என்று ஒதுக்கப்பட்ட சில, ஒரு மணி நேர வேலையில் மீண்டும் மேடையேறக்கூடியவை. உருக்கிவிட்டால் அந்த ஓசை திரும்ப வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல சிம்பலின் உலோகம் வெண்கலம். நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம், மிகச் சிறிதளவு வெள்ளி. இந்தக் கலவையைக் கொண்டு 1618இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் அவெடிஸ் என்ற ஆர்மீனிய உலோகத் தொழிலாளி சிம்பல் செய்தார். ஒட்டோமான் சுல்தானின் இராணுவ இசைக்குழுவுக்கு அவை பிடித்துப்போக, ‘சில்ஜியான்’ என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. துருக்கி மொழியில் ‘சில்’ என்றால் சிம்பல், ‘ஜி’ என்றால் அதைச் செய்பவர். ‘யான்’ ஆர்மீனியக் குடும்பப் பெயர்களின் விகுதி. 1623இல் அவர் சொந்தப் பட்டறை வைத்தார். 1851இல் அதே குடும்பத்தின் இரண்டாம் அவெடிஸ் தன் சிம்பல்களோடு கப்பலேறி இலண்டன் பெருங் கண்காட்சிக்குப் போனார். அவருக்குப் பின் வந்த கெரோப்பேயின் பெயரால்தான் சில சிம்பல்களில் பொறித்திருக்கும் ‘கே’ முத்திரை. 1929இல் குடும்பத்தின் ஒரு கிளை அமெரிக்காவின் மசசூசெற்ஸில் ஆலை தொடங்கியது. அதன் முத்திரையில் அவெடிஸ் என்ற பெயர் இருக்கும். 1981இல் அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்த றொபேர்ட் கனடாவில் தொடங்கியது சேபியன் என்ற சிம்பல் கம்பனி. சுவிற்சர்லாந்தின் பைஸ்ரே, இத்தாலியின் யூபிப், பிரித்தானிய பிரீமியர் கம்பனியின் சைன் ஆகிய பெயர்களில் வந்த சிம்பல்களும் பழைய பாண்ட் பெட்டிகளில் இருக்கலாம்.

இது நமக்குப் புதிய உலோகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கஞ்சம் என்றாலே வெண்கலம். கோவிலில் போடும் கஞ்சதாளமும், கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தளத்தோடு சேரும் சல்லரியும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான். வெள்ளீயம் கூடிய வெண்கலப் பாத்திரங்கள் ஆதிச்சநல்லூர் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. திருக்கோலக்காவில் ஞானசம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் கொடுக்க, அதற்கு அம்பாள் ஓசை கொடுத்தாள் என்பது தல வரலாறு. அங்கே அம்பாளின் பெயரே ஓசை கொடுத்த நாயகி. பொன் மென்மையானது, அதிர்வை விழுங்கிவிடும், தானாக ஒலிக்காது என்பதை அந்தக் கதையைச் சொன்னவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்த வெண்கலத்தின் குணத்தைப் புரிந்துகொண்டால் பழுது பார்ப்பதில் பாதி விளங்கிவிடும். உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். 20 பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் நேர்மாறு. சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். மெல்ல ஆறவிட்டால் கண்ணாடி போல உடையும். பட்டறையில் வார்த்த வட்டைச் சூட்டோடு சூடாகப் பலமுறை உருட்டித் தகடாக்கித் தோய்த்து, பிறகு குளிர்ந்த நிலையில் சுத்தியலால் அடித்து வடிவம் எடுப்பார்கள். கடைசியில் கடைசல் பிடித்து மெல்லியதாக்குவார்கள். மேலே தெரியும் வட்ட வரிகள் கடைசல் உளி போன தடம்.

பழைய சிம்பல்களின் ஓசைக்குப் பலர் மாயக் காரணம் சொல்கிறார்கள். காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவைதான். கையால் அடித்ததால் சுத்தியல் குழிகள் ஒரே சீராக இல்லை; தகட்டின் இறுக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது; ஒன்றோடொன்று இணங்காத பல சுரங்கள் சேர்ந்து எழுகின்றன. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகப் போகத் தகடு மெலிகிறது. மெல்லிய சிம்பல் தாழ்ந்த சுருதியில் சட்டென்று விரிந்து விரைவில் அடங்கும். தடித்தது உயர்ந்த சுருதியில் நீண்டு ஒலித்துப் பாடகரின் குரலை மூடும். வளைவு உயர்ந்திருந்தால் சுருதியும் உயரும். வரிகளில் படிந்த பழைய அழுக்கு மிகை ஒலிகளைச் சற்றே உறிஞ்சுகிறது. ‘வரண்ட’ ஓசை என்று ட்றம் வாசிப்பவர்கள் விரும்புவது அதைத்தான். பலமாக அடித்தவுடன் முதலில் கேட்பது தாழ்ந்த ஒலி. கண் இமைக்கும் நேரம் கழித்தே அந்தச் ‘சீ...’ என்ற மினுக்கம் மேலெழும். மலிவான பித்தளைத் தட்டில் இந்த இரண்டாவது எழுச்சி அநேகமாக இல்லை. ‘டாங்’ என்று ஒரே சுரத்தில் நின்றுவிடும்.

கையில் இருப்பது எது என்று பார்க்க, நடுத் துளையில் ஒரு கயிறு கோத்துத் தூக்கிப் பிடித்து, விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே பென்சிலின் மரப்பக்கத்தால் மெதுவாகத் தட்டி, ‘டாங்’ என்ற ஒரே சுரமா, பல சுரங்களா என்று கேளுங்கள். பிறகு இருட்டறையில் ரோச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்து முத்திரையைத் தேடுங்கள். தேய்ந்திருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும். ‘கொன்ஸ்தாந்திநோப்பிள்’ என்று தெரிந்தால் உடனே யாருக்கும் விற்க வேண்டாம்; அந்த நகரத்தின் பெயரை 1930இல் இஸ்தான்புல் என்றே உலகம் எழுதத் தொடங்கிவிட்டது, ஆகவே அது அதற்கு முந்தியதாக இருக்கலாம். அரபு எழுத்து மட்டும் இருப்பதைக் கொண்டு துருக்கியில் செய்தது என்று முடிவுகட்டவும் கூடாது. அமெரிக்க ஆலையின் முத்திரையிலும் அது உண்டு, கீழே ‘அமெரிக்காவில் செய்யப்பட்டது’ என்ற வரி இருக்கும். விட்டத்தை அங்குலத்திலும் நிறையைக் கிராமிலும் குறித்துக்கொள்ளுங்கள். 20 அங்குலச் சிம்பல் 2 கிலோவை ஒட்டி நின்றால் அது மெல்லிய வகை.

அடுத்தது துப்புரவு. அதிகம் கெடுவது இங்கேதான். வீட்டுக் குத்துவிளக்கைப் போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறார்கள். புளி கறுப்பை எடுக்கும், உண்மை. ஆனால் உப்பு வரிகளுக்குள் தங்கிவிடும். நமது கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அந்த உப்பு செம்பைத் தின்று பச்சைக் களிம்பாக ஊறிக்கொண்டே இருக்கும். பிறாசோ போட்டால் மையால் அச்சிட்ட முத்திரை அழியும், வரிகளில் வெள்ளைப் பசை அடைபடும். மோட்டார் சில்லில் வைத்து மினுக்குவது எல்லாவற்றிலும் மோசம்: வரிகளின் முகடு தேய்கிறது, தகடு சூடேறுகிறது, ஓசை மாறிவிடுகிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து, மென்மையான பிரஷால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்துக் கழுவி, உடனே பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். கபில நிறம் இருக்கட்டும், அது உலோகத்துக்குக் கவசம். பச்சைத் தூள் உதிரும் இடத்தில் மட்டும் தேசிக்காய்ப் பாதியால் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் மறுபடி கழுவுங்கள்.

சுனாமியில் கடல்நீர் குடித்து இன்றுவரை பச்சை கக்கும் சிம்பல் என்றால் இது போதாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி, நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஒரு கிழமை வைக்க வேண்டும். உப்பு அப்போதுதான் வெளியேறும். கடையில் பற்றரித் தண்ணீர் என்று கேட்டு வாங்கலாம். பற்றரி அசிற்றைத் தவறி வாங்கிவிடாதீர்கள். துப்புரவு செய்ததைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்கக் கூடாது, உள்ளே வியர்க்கும். பருத்தித் துணிப் பை போதும்.

வெடிப்புக்கு வருவோம். விளிம்பில் வெடிப்பது நட்டை இறுக்கியதாலும் செங்குத்தாக ஓங்கி அடித்ததாலும். நடுத் துளையில் வெடிப்பது, சிம்பலைத் தாங்கும் இரும்புக் கம்பி உறை இல்லாமல் துளையை அரித்ததால். எதுவானாலும் வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சூடேறி மெல்ல ஆறும்; மேலே சொன்ன குணத்தால் அந்த வட்டம் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். சில நாட்களில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிய வெடிப்பு ஓடும்.

செய்ய வேண்டியது வெடிப்பின் உண்மையான முனையைக் கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரிவது முனையல்ல. வெடிப்பின் மேல் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தூவுங்கள். உள்ளே ஊறிய எண்ணெய் தூளில் மயிரிழை போல ஒரு கோடாகக் கசியும். அந்தக் கோடு முடியும் இடத்தில், முனை துளைக்குள் அடங்கும்படி 3 மில்லிமீற்றர் துளை போட வேண்டும். அடியில் மரக்கட்டை, மேலே ஒரு சொட்டு எண்ணெய், ட்றில் மெதுவாகச் சுற்றட்டும். ஆணி வைத்துச் சுத்தியலால் அடையாளம் குத்தினால் வெடிப்பு இன்னும் ஓடும். ஒட்டுநாடா ஒட்டி அதன் மேல் புள்ளி வையுங்கள். துளையின் விளிம்புப் பிசிறைப் பெரிய ட்றில் பிற்றால் கையாலேயே சுற்றி எடுங்கள். கடைசல் வரியோடு ஓடும் வெடிப்பானால் இரு முனையிலும் துளை வேண்டும்.

விளிம்பு வெடிப்பு ஓரிரு சென்ரிமீற்றரே என்றால் வெட்டி எடுத்துவிடலாம். ஆழத்தைப் போல இரண்டு மடங்காவது அகலமுள்ள பிறைவடிவமாக இரும்பு வாளால் வெட்டி, அரை வட்ட அரத்தால் இழைத்து, 400ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் முடியுங்கள். கூரான மூலை ஒன்று எஞ்சினாலும் அடுத்த வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டிய சிம்பலின் ஓசை சற்றே வரண்டுவிடும். தேவாலயச் சிறு மண்டபத்துக்கு அது நல்லதே.

மாட்டும்போது கம்பிக்கு உறை போடுங்கள். மோட்டார் சைக்கிள் பெற்றோல் குழாயில் 3 சென்ரிமீற்றர் துண்டு போதுமானது. மேலும் கீழும் கம்பளி வாஷர் வைத்து, சிம்பல் தாராளமாக ஊஞ்சலாடும் அளவுக்கே நட்டைப் பூட்டுங்கள். கைச் சிம்பலையும் சல்லரியையும் நேருக்கு நேர் பொருத்தி மோதினால் நடுவில் காற்று அடைபட்டு ‘பொத்’ என்று செத்த ஓசைதான் வரும். ஒன்றைச் சற்றே சரித்து உரச வேண்டும்.

அதிபர்கள், பங்குத் தந்தையர்கள், ஆலய பரிபாலன சபையினரிடம் என் வேண்டுகோள் இது. இம்முறை கணக்கெடுப்புச் சபையில் சங்கீத ஆசிரியர் ஒருவரையும் சேருங்கள். ‘பித்தளைத் தட்டு’ என்று எழுதாமல் உலோகம், விட்டம், நிறை, வெடிப்பு இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, முத்திரையைத் தேய்த்து எடுத்த தாளையும் பதிவேட்டில் ஒட்டுங்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இத்தாள்களின் பிரதிகளை ஓரிடத்தில் திரட்டி வைத்தால், இரு மாவட்டங்களிலும் எஞ்சியிருப்பவை எவை, பழுது பார்க்கக்கூடியவை எவை என்பது தெரியவரும். அதுவரை ஒன்றையும் தராசில் ஏற்றாதீர்கள்.

இசைக்கருவிப் பழுதுபார்ப்பாளர்,
மட்டக்களப்பு.