கேபிளுக்கு மட்டும் ஏன் இந்தத் தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்திய அணி ஆடும் ஒருநாள் போட்டியைத் தூர்தர்ஷனில் இலவசமாகப் பார்க்கலாம் என்று நம்பி, கேபிள் இணைப்புள்ள வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸை வைத்தால் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடுகிறது. திட்டு வாங்குபவர் கேபிள்காரர். தவறு அவருடையது அல்ல. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வரியில் இருக்கிறது.

விளையாட்டு ஒளிபரப்பு சிக்னலை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் கட்டாயம் பகிர வேண்டும் என்கிற அந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டியைக் காட்டும் உரிமைதாரர், தன் விளம்பரங்கள் இல்லாத சிக்னலை அதே நேரத்தில் தூர்தர்ஷனுக்கும் தர வேண்டும். தூர்தர்ஷன் தன் விளம்பரங்களைச் சேர்த்துக்கொள்ளும். அந்த வருவாயில் குறைந்தது 75 சதவீதம் உரிமைதாரருக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சிக்னலைத் தூர்தர்ஷன் எதன் வழியே மறுஒளிபரப்பலாம் என்று சொல்லும் இடத்தில் தரைவழி (வீட்டு ஆன்டெனாவில் வருவது), டிடிஎச் (செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்கு வருவது) என இரண்டு மட்டுமே உள்ளன. கேபிள் இல்லை.

கேபிள் சட்டத்தின் 8-ஆவது பிரிவோ, அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கேபிள் நடத்துவோர் கட்டாயம் தர வேண்டும் என்கிறது. இரண்டு சட்டமும் சேர்ந்தபோது போட்டி எல்லா கேபிள் வீட்டுக்கும் இலவசமாகப் போனது. கட்டணச் சேனலின் சந்தா அடிபடுவதாக வழக்கு வந்தது. பகிரப்பட்ட சிக்னல் கேபிளுக்குப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் இருந்த வாசகம் அப்படி.

அதற்குப் பின் நிலைமை இன்னும் மோசம். அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் ஒன்றுதான். அதற்குத் தனி டிஷ், தனி பெட்டி, மொட்டை மாடியிலிருந்து தனி ஒயர் வேண்டும். மாதச் சந்தா கட்டும் கேபிள் குடும்பத்துக்குச் சட்டம் தரும் உரிமை எட்டாமல் போகிறது.

கோடிகளைக் கொட்டி வாங்கிய உரிமை வீணாகும் என்று ஒளிபரப்பாளர்கள் சொல்கிறார்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது உண்மைதான். ஆனால் ஐபிஎல் அந்தத் தேசிய முக்கியத்துவப் பட்டியலிலேயே இல்லை. இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள், உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி, ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்றவைதான் அதில் உள்ளன.

‘போனில் பாருங்களேன்’ என்பது பதில் ஆகாது. 1080பி படம் நொடிக்கு 5 மெகாபிட் இழுத்தால் மணிக்கு 2.25 ஜிபி; மூன்றரை மணி நேர டி20 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 8 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு முதல் இன்னிங்ஸ் முடியுமுன் டேட்டா தீர்ந்துவிடும். ஸ்ட்ரீமிங் படம் சில நொடித் துண்டுகளாக வருகிறது; இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்கும். அதனால் விக்கெட் விழுந்ததை ஸ்கோர் அறிவிப்பு முந்திச் சொல்லிவிடுகிறது. இணையத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்ப வேண்டும். கேபிளில் ஒரே சிக்னல் பத்து வீட்டுக்கும் பத்தாயிரம் வீட்டுக்கும் ஒரே சீராகப் போகும்.

இணையத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலை காட்டினால்தான் பகிரும் கடமை வருகிறது. நாளை ஒரு தொடரைச் செயலியில் மட்டும் காட்டினால், அந்தப் பிரிவை எழுத்துப்படி படிக்கும்போது தூர்தர்ஷனுக்குச் சிக்னல் தர வேண்டிய அவசியமே எழாது.

2018 அக்டோபரில் மத்திய அரசு திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அதை மீண்டும் கையில் எடுத்து, 3-ஆவது பிரிவின் இரண்டு இடங்களிலும் திருத்தம் செய்ய வேண்டும்: கடமையைச் சொல்லும் இடத்தில் இணையத்தையும், மறுஒளிபரப்பைச் சொல்லும் இடத்தில் கேபிளையும் சேர்க்க வேண்டும். இழப்பு பற்றிய கவலைக்கும் வழி உண்டு. கேபிளில் போகும் தூர்தர்ஷன் படம் சாதாரணத் தரத்தில் இருக்கட்டும், எச்டி உரிமைதாரரிடமே இருக்கட்டும். கேபிள் வழி வரும் விளம்பர வருவாயில் அவர் பங்கை 75-க்கு மேல் உயர்த்தலாம்.

அதுவரை, போட்டி நாட்களில் கேபிளுக்குப் போகும் டிடி ஸ்போர்ட்ஸ் திரையின் அடியில், ‘இந்த ஆட்டம் ஃப்ரீ டிஷ்ஷில் மட்டும்’ என்று ஒரு வரி ஓட விடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

இப்படிக்கு,
கேபிள் துறை சார்ந்த வாசகர்