சுகர் நோயாளிகளுக்கு மருத்துவரும் மருந்தாளுநரும் கலந்து பேசி மருந்து கொடுக்க ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மேலத்தெரு, காலனித் தெரு, ஏரிக்கரைத் தெருவைச் சேர்ந்த சுகர் நோயாளிகளும் குடும்பத்தினரும்
(பெயர், கையெழுத்து, கைரேகை தனித்தாளில் இணைப்பு)

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் எழுதும் மருந்தும் ஜன்னலில் கிடைக்கும் மருந்தும் வீட்டுக்கு வரும் மருந்தும் ஒன்றாக இருக்க வழிசெய்ய வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு. 2. முதல்வரின் முகவரியில் பதிந்த மனு. 3. நிலையத்தில் நேரில் கொடுத்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்டவற்றில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, உரிய அலுவலருக்கு அனுப்பியிருப்பதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது, அப்புறம் தீர்வு காணப்பட்டதாக இன்னொன்று. என்ன தீர்வு, யார் கண்டது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் தங்களுக்கே நேராக எழுதுகிறோம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். டெங்கு வந்தபோது ஏரிக்கரை வரை தாங்களே நடந்து வந்து தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தீர்கள். ரைஸ்மில் நிறுத்தத்தில் இறங்கி நிலையத்துக்கு நடந்து வரும் கூட்டத்தில் பாதி சுகர் நோட்டோடு வருகிற கூட்டம்தான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் சுகர் இருப்பதாகச் சொல்கிறது. எங்கள் தெருக்களில் சுகர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

டாக்டர் அம்மா மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பொறுமையாகப் பார்க்கிறார், நோட்டில் தெளிவாக எழுதுகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மேலும் குறை இல்லை. 2021-இல் தொடங்கியதிலிருந்து நடக்க முடியாதவர்களுக்கு வாசலுக்கே மாத்திரை வருகிறது. 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். குறை, டாக்டரும் ஜன்னலில் மருந்து கொடுப்பவரும் வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் தன்னார்வலரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததுதான்.

என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது 71. சுகருக்கு இரண்டு மாத்திரை: கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில், மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை. போன மார்கழியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. கிட்னி மெதுவானால் மாத்திரை உடம்பில் அதிக நேரம் தங்கும், சுகர் திடீரென்று இறங்கிவிடும் என்று சொல்லி, டாக்டர் அம்மா கிளிமிபிரைடை 1 மி.கி. ஆகக் குறைத்து எழுதினார். ஜன்னலில் அன்றைக்கு 1 மி.கி. இல்லை. 2 மி.கி. அட்டையைக் கொடுத்து, "பாதியா உடைச்சுப் போடுங்க" என்றார்கள். சொன்னவர் மருந்தாளுநர் இல்லை, அவருக்கு அன்றைக்கு வேறு நிலையத்தில் டூட்டி. சரி என்று உடைத்துக் கொடுத்து வந்தோம்.

அடுத்த வாரம் தன்னார்வலர் வந்தார். அவர் கையில் இருந்தது பழைய பட்டியல். அதன்படி 2 மி.கி. முழு மாத்திரையைக் கொடுத்துப் போனார். அது வேறு கம்பெனி, வேறு நிறம். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது, நிறத்தை வைத்துத்தான் அடையாளம். இது ஏதோ புது மாத்திரை என்று நினைத்து அரையையும் போட்டார், முழுசையும் போட்டார். நான் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தபோது புடவை நனைய வேர்த்து, நாக்குக் குழறி, யாரென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பக்கவாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 108-இல் வந்தவர் விரலில் குத்திப் பார்த்தார். சுகர் 42. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து என்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் மறுபடி மறுபடி இறங்கியதால் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

பிறகு டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது இது: "1 மி.கி. இல்லேன்னு எனக்கு யாருமே சொல்லலையே?"

டாக்டர் அறைக்கும் மருந்து ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம் ஐயா? நடுவில் ஒரு பெஞ்சுதான். பிழைத்துக்கொண்டார் என்பதால் இதைப் புகாராக எழுதுகிறோம். இல்லையென்றால் வேறு மாதிரி எழுதியிருப்போம். எனவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது:

1. நிலையத்தின் மருந்தாளுநரை எல்லா நாளும் இங்கேயே இருக்க விட வேண்டும். முடியாவிட்டால் சுகர் நோயாளிகளைப் பார்க்கும் நாளிலாவது அவர் ஜன்னலில் இருக்க வேண்டும்.

2. டாக்டர் அளவை மாற்றினால் அது நோயாளியின் நோட்டோடு நின்றுவிடக் கூடாது. ஜன்னலுக்கு ஒரு துண்டுச் சீட்டு, தன்னார்வலரின் பட்டியலில் ஒரு திருத்தம். கேட்பது இவ்வளவுதான். எழுதிய அளவு கையிருப்பில் இல்லையென்றால் மருந்தாளுநர் எழுந்து போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும், என்ன கொடுப்பது என்பதை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். எங்கள் தெருவில் பி.ஃபார்ம் படிக்கும் பையன் சொல்கிறான், 2015-இல் வந்த மருந்தியல் நடைமுறை விதிகளிலேயே, சீட்டைச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு எடுத்துச் சொல்வதும் மருந்தாளுநரின் வேலை என்று இருக்கிறதாம். புதிதாக எதையும் கேட்கவில்லை.

3. மாத்திரையைக் கத்தரித்த அட்டைத் துண்டாகக் கொடுக்காமல், காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் எழுதிய கவரில் போட்டுத் தர வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் போட்டால் போதும்.

4. இன்சுலின் போடுகிறவர்களின் சிரிஞ்சு. இதை முந்தைய மனுவிலும் எழுதியிருந்தோம், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நிலையத்தில் கொடுக்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. இங்கே சிரிஞ்சு தீர்ந்தால் வெளியே மெடிக்கலில் வாங்குகிறோம், அவர்கள் ஆரஞ்சு மூடி, அதாவது 100 யூனிட் சிரிஞ்சைத் தந்துவிடுகிறார்கள். அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். காலனித் தெருவில் ஒரு பெரியவர் மாதக்கணக்கில் இப்படிப் போட்டிருக்கிறார். சுகர் இறங்கவில்லையே என்று டாக்டர் யூனிட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அந்த நேரத்தில் சரியான சிரிஞ்சு கைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏற்றிய யூனிட் முழுசாக உள்ளே போயிருக்கும். கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அவர் பேத்தி. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். டாக்டர் சிரிஞ்சைப் பார்க்கவில்லை, ஜன்னலில் யூனிட்டைக் கேட்கவில்லை, மெடிக்கலில் குப்பியைக் கேட்கவில்லை. மூன்று பேரும் படித்தவர்கள்.

5. தனியார் டாக்டரிடமும் காட்டுகிறவர்கள் பலர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரையை வெளியே வாங்கிப் போட்டுக்கொண்டு, நிலையத்தில் தரும் இரண்டையும் போடுகிறார்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி மருந்தாளுநர் ஒருமுறை கொட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு அவர் இருக்க வேண்டும். அதனால்தான் முதல் கோரிக்கை.

ஆள் பற்றாக்குறை என்று பதில் வரும் என்று தெரியும். சரி, புது ஆள் வேண்டாம். சுகர் நாளன்று ஓ.பி. முடிந்ததும் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், தன்னார்வலர்கள் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து, அன்றைக்கு அளவு மாறிய நோட்டுகளை மட்டும் பார்க்கட்டும். இதற்கு நிதி ஒதுக்க வேண்டுமா? அரசாணை வேண்டுமா? தங்கள் ஒரு வாய்மொழி உத்தரவு போதும் ஐயா.

மறுபடியும் கேட்கிறோம். எங்களுக்கு விலையுயர்ந்த மருந்து வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். டாக்டர் எழுதியதும் நாங்கள் விழுங்குவதும் ஒன்றாக இருக்க வேண்டும். தாங்கள் ஒரு சுகர் நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, ஜன்னல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும் என்றும், மேற்கண்ட ஏற்பாட்டை எந்தத் தேதியிலிருந்து செய்வார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூன்று தெருக்களின் சுகர் நோயாளிகள், குடும்பத்தினர் சார்பாக,
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், மாமியாரின் சுகர் நோட்டு நகல், பெரிய ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு நகல்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நிலைய மருத்துவ அலுவலர் அவர்கள்.