பொருள்: விளையாட்டுப் பொது அறிவு நூலில் ஐஸ் ஹாக்கிப் பக்கங்களின் பிழைகள் – திருத்தத் தாள் கோருதல்

பெறுநர்
மேலாளர், வெளியீட்டுப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் நூலகத்துக்கு உங்களிடம் வாங்கிய 12 பிரதிகளிலும் 212-ஆம் பக்கம் தவறாக உள்ளது. ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி அட்டவணை ‘1924, ஷாமோனி, டொராண்டோ கிரானைட்ஸ்’ என்று தொடங்குகிறது. அது கனடாவின் இரண்டாவது தங்கம். முதல் தங்கத்தை 1920 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், கனடாவுக்காக ஆடிய வின்னிபெக் ஃபால்கன்ஸ் வென்றது.

பிழை நுழைந்த வழியும் தெரிகிறது. முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924-இல்தான் நடந்தது. 1920-இல் ஐஸ் ஹாக்கி கோடை ஒலிம்பிக்கின் கணக்கில் வந்த போட்டி. குளிர்காலப் பட்டியலை மட்டும் பார்த்து அட்டவணை போட்டால் ஃபால்கன்ஸ் விடுபட்டுப்போகும். உங்கள் கோடைக்கால அட்டவணையிலும் அந்த வரி இல்லை.

214-ஆம் பக்கப் பெட்டிச் செய்தியில் இந்த அணி வருகிறது, ‘ஸ்வீடனிலிருந்து வந்த 11 பேர்’ என்று! அவர்கள் ஐஸ்லாந்து வம்சாவளியினர். ஸ்வீடன் அவர்கள் கடைசி ஆட்டத்தில் 12–1 என்று தோற்கடித்த எதிரணி. வீரர்களில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். தலைவர் ஃபிராங்க் ஃபிரெட்ரிக்சன் பிறந்ததே வின்னிபெக்கில். ஆகவே ‘வந்த’ என்பதும் பொருந்தாது. ஆண்ட்வெர்ப் அணியில் இருந்தவர்கள் 8 பேர். அப்போது களத்தில் 7 பேர் ஆடினார்கள். 20 நிமிடங்களாக இரண்டு பாதிகள். எட்டு என்பது குறைவாகத் தோன்றியதால் யாரோ ‘திருத்தி’விட்டார்கள் போலும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். குட்மன், பென்சன், பைரன் ஆகியவை ஆங்கிலப் பெயர்களாகத் தெரிந்தாலும் மூவரும் ஐஸ்லாந்து வம்சாவளியினரே. அந்த எட்டுப் பேரில் விதிவிலக்கு உட்மன் ஒருவர்தான்.

அட்டவணையில் சேர்க்க வேண்டியவை: செக்கோஸ்லோவாக்கியாவை 15–0, அமெரிக்காவை 2–0, ஸ்வீடனை 12–1. மொத்தம் 29 கோல்கள், வாங்கியது ஒன்று. ஃபிரெட்ரிக்சன் மட்டும் 12 கோல்கள். வெள்ளி அமெரிக்காவுக்கு, வெண்கலம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு.

பெட்டிச் செய்தியில் ‘கனடா அனுப்பிவைத்த அணி’ என்ற வரியையும் மாற்றுங்கள். வின்னிபெக்கின் முதல்நிலை லீக் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிராண்டன், செல்கர்க் அணிகளோடு தனி லீகில் ஆடித்தான் மேலே வந்தார்கள். பிறகு கனடாவின் அமெச்சூர் ஐஸ் ஹாக்கி வாகையர் போட்டியான ஆலன் கோப்பையின் இறுதியில் டொராண்டோ பல்கலைக்கழக அணியை 8–3, 3–2 என இரு ஆட்டங்களிலும் வென்றதால் ஒலிம்பிக் வாய்ப்பு கிடைத்தது. வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் அங்கிருந்தே கப்பலேறப் புறப்பட்டார்கள். முதல் உலகப் போருக்குப் போன ஃபால்கன்ஸ் வீரர்களில் ஃபிராங்க் தோர்ஸ்டீன்சன், ஜார்ஜ் கம்பர்ஸ் இருவரும் திரும்பவில்லை. பெட்டியில் நான்கு வரி இடம் காலியாகத்தான் இருக்கிறது. இவற்றை அங்கே சேர்க்கலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். எனவே 212, 214-ஆம் பக்கங்களுக்கு ஒட்டக்கூடிய திருத்தத் தாள் 12 பிரதிகளுக்கும் 15 நாட்களுக்குள் அனுப்பவும். கோடைக்கால அட்டவணையின் 1920 வரிக்கும் தனி ஒட்டுச்சீட்டு தேவை. இயலாதெனில் பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தொகையைத் தரவும். விலைச்சீட்டு நகலும், பிழைகளை வட்டமிட்ட பக்கங்களின் நகலும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
நூலக வாசகர் வட்டத்தினர்