சரக்கோடு பில்லையும் அனுப்புங்கள்: இணையச் சந்தைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தனி ஆளாக ஒரு சிறிய பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். கெட்டுப்போன கருவியைத் திறந்து, திரையோ பேட்டரியோ இணைப்பானோ எது போயிருக்கிறதோ அதை மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. மாற்றும் பாகங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து உங்கள் தளங்கள் வழியாகத்தான் வருகின்றன. சொன்ன நாளுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின் வந்துசேர்ந்துவிடும். பாகம் சரியில்லை என்றால் பணத்தையும் திருப்பித் தந்துவிடுகிறீர்கள். அதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. என் குறை முழுக்க ஒரே ஒரு தாளைப் பற்றியது.

வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நாள் நெருங்கினால், வந்த பார்சல் உறைகளை எடுத்து மேசையில் பரப்பிக்கொண்டு உட்காருவேன். அதில் ஓர் உறையை மட்டும் சொல்கிறேன். சாம்பல் நிற பிளாஸ்டிக் உறை. மேலே சிஎன் 22 என்ற சுங்கச் சீட்டு ஒட்டியிருக்கிறது. பொருளின் பெயர் 'பாகம்'. என்ன பாகம், எந்தக் கருவிக்கு, ஒன்றும் இல்லை. மதிப்பு என்ற இடத்தில் நான் கொடுத்த விலையில் கால்வாசி. 'பரிசு' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக். முகம் தெரியாத ஒருவர் எனக்கு நாற்பது சார்ஜிங் இணைப்பான்களைப் பரிசாக அனுப்பியிருக்கிறார்! மதிப்பைக் குறைத்துப் போட்டால் வரி குறையும் என்று, விற்றவர் இதை எனக்குச் செய்யும் உதவியாக நினைத்திருப்பார். வீட்டுக்கு வாங்குகிறவருக்கு வேண்டுமானால் அது உதவியாகத் தெரியலாம், அதுவும் சட்டப்படி தப்புதான். கணக்கு எழுதுகிற எனக்கோ அது வினை. வங்கிக் கணக்கிலிருந்து போன பணம் ஒன்று, சுங்கச் சீட்டில் இருக்கும் மதிப்பு வேறொன்று. நாளை யாராவது கேட்டால் பொய் சொன்னவன் நான் என்றுதான் ஆகும்.

சரி, உறையை விடுங்கள். உங்கள் தளத்தின் ஆர்டர் பக்கத்துக்கு வருவோம். அங்கே பொருளின் விலை, அனுப்பும் செலவு, 'வரி', மொத்தம் என்று நான்கு இனங்கள். இந்த 'வரி' எந்த நாட்டுடையது? எத்தனை சதவீதம்? யாருடைய பதிவு எண்ணில் கட்டப்பட்டது? என் தொழிலின் பெயர் எங்கே, என் வரி எண் எங்கே? அந்தப் பக்கத்தை அப்படியே அச்சடித்து ஆடிட்டரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். 'இது சாமான் வாங்கியதற்குச் சாட்சி. வரி கட்டியதற்குச் சாட்சி இல்லை' என்று சொல்லித் தாளை என் பக்கமே தள்ளிவிட்டார்.

உங்களில் பலருக்கு இது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். நாட்டுக்கு நாடு வாட், ஜிஎஸ்டி என்று பெயர் மாறினாலும், இந்த மதிப்புக் கூட்டு வரி 1954ல் பிரான்சில் மொரீஸ் லொரே வடிவமைத்த ஏற்பாட்டின் வழியில் வந்தது. இடையில் இருக்கும் வியாபாரி, வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்துவார். சுமை கடைசியில் பயன்படுத்துகிறவர் தலையில். ஆகவே நான் கேட்பது சலுகை அல்ல. (அமெரிக்க மாநிலங்களின் விற்பனை வரி வேறு மாதிரி. அங்கே கழிக்கும் ஏற்பாடு கிடையாது, மறுவிற்பனைக்கு வாங்குபவர் சான்றிதழ் கொடுத்து வரி இல்லாமலே வாங்குவார். உங்கள் உதவி மையத்தில் சிலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன்.) கழிப்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் அந்த வரி என் செலவாகிவிடும். வாடிக்கையாளரிடம் பழுதுபார்த்த கூலிக்கும் பாகத்துக்கும் சேர்த்து வரி வாங்கி முழுவதையும் கட்டுகிறேன், உள்ளே கட்டியது மட்டும் போன இடம் தெரியாமல் போகிறது.

இதற்கு வழியும் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. சிறு பார்சல்களுக்கு விற்கும் இடத்திலேயே வரி வசூலிக்கும் முறையை ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1ல் கொண்டுவந்தது, 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருள்களுக்கு. நியூசிலாந்து 2019 டிசம்பரில். பிரிட்டன் 2021 ஜனவரியில், 135 பவுண்டு வரை. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், 150 யூரோ வரை. சிங்கப்பூர் 2023 ஜனவரியில், 400 சிங்கப்பூர் டாலர் வரை. இந்த விதிகளை எழுதியவர்கள் வாங்குகிறவர் வியாபாரியாகவும் இருக்கலாம் என்பதை மறக்கவில்லை. நாட்டுக்கு நாடு விவரம் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பதிவுபெற்ற தொழில் தன் வரி எண்ணைக் கொடுத்தால், வீட்டு வாடிக்கையாளரைப் போல அதனிடம் செக்அவுட்டிலேயே வரி பிடிக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் என்றால் வாங்கியவரே அதைத் தன் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்வார். ஒரு நயா பைசா கைமாறாது.

ஆக எல்லாம் அந்த வரி எண்ணை எழுதும் ஒரு கட்டத்தில் நிற்கிறது. அந்தக் கட்டத்தை நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒரு தளத்தில் அமைப்புகள், கணக்கு, முகவரி, திருத்து என்று நான்கு கதவு தாண்டிப் போனால் இருக்கிறது. இன்னொன்றில் 'வணிகக் கணக்கு' தொடங்கினால்தான் கண்ணில் படும், அந்தக் கணக்கிலோ நான் வாங்கும் கடைக்காரர்கள் பாதிப்பேர் இல்லை. மற்றொன்றில் பணம் கட்டி முடித்த பிறகு, 'தொழிலுக்காக வாங்கினீர்களா?' என்று கேட்கிறது. தாலி கட்டி முடிந்த பிறகு சம்மதமா என்று கேட்பதுபோல.

என் மேலும் தப்பு உண்டு. முதல் இரண்டு வருடம் சொந்தப் பெயரில் இருந்த பழைய கணக்கிலேயே எல்லாம் வாங்கினேன். வீட்டுக்கு வாங்கிய குடையும் பட்டறைக்கு வாங்கிய பற்றவைப்பு முனையும் ஒரே ஆர்டரில் இருக்கும். அந்த இரண்டு வருட வரியைக் கேட்டு உங்களிடம் நான் வரவில்லை. போனது போனதுதான். தொழிலின் பெயரில் தனிக் கணக்கு, தனி அட்டை என்று மாறிய பிறகும் அதே கதை நடக்கிறதே, அதற்குத்தான் இந்த மடல்.

இந்த மதிப்பு வரம்பைத் தாண்டிய பார்சல்களில் சிக்கல் வேறு. அங்கே வரி எல்லையில் கட்டப்படுகிறது, பெரும்பாலும் கூரியர் முன்பணமாகக் கட்டிவிட்டு நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. வாசலில் வரும் ரசீதில் மூன்று தொகைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: சுங்க வரி, இறக்குமதி மீதான வாட் அல்லது ஜிஎஸ்டி, கூரியரின் சேவைக் கட்டணம். முதலாவது பொதுவாகத் திரும்பாது, அது சரக்கின் அடக்க விலையோடு சேர்ந்துவிடும். இரண்டாவதைத்தான் கழிக்க முடியும். மூன்றாவதன் மேல் போட்ட வரிக்கு கூரியரின் தனி இன்வாய்ஸ் வேண்டும். மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக ஒரு துண்டுச் சீட்டில் அடித்துக் கொடுத்தால் நான் எதை எங்கே எழுதுவேன்?

அந்தச் சீட்டை வைத்தும் கழிக்க முடியாது. சுங்கத்தின் ஆவணம் வேண்டும். இந்தியாவில் அது பில் ஆஃப் என்ட்ரி, பிரிட்டனில் சி79 சான்றிதழ். அதில் இறக்குமதி செய்தவர் என்ற இடத்தில் என் தொழில் இருக்க வேண்டும், என் பதிவு எண்ணோடு. நீங்கள் கூரியருக்கு அனுப்பும் தரவில் என் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருந்தால், சுங்கத்தின் கண்ணுக்கு நான் தனி மனிதன். சில சமயம் கூரியரே இறக்குமதியாளர் ஆகிவிடுகிறது. சரக்கு என் மேசையில், ஆவணம் வேறொருவர் பெயரில். என் எண் உங்களிடம் இருந்தும், சரக்கோடு கிளம்பாமல் உங்கள் கணினியிலேயே தங்கிவிடுவதால் வரும் வினை இது.

இரட்டை வரி நடந்த ஒரு முறையையும் சொல்லிவிடுகிறேன். செக்அவுட்டில் வரி கட்டினேன். பார்சல் வந்தபோது கூரியர் ஆளும் வரி கேட்டார். தளம் வரியை வசூலித்த விவரம் சுங்கத் தரவில் ஏறவில்லையாம். அவரைத் திட்டி என்ன பயன்? அவர் கையில் இருந்த கருவியில் தொகை காட்டியது, நான் கட்டினேன். அப்புறம் தளத்தைக் கேட்டால் கூரியரைக் கேள் என்றது. கூரியர் சுங்கத்தைக் கை காட்டியது. சுங்கமோ, முதலில் வசூலித்தவரிடமே வாங்கிக்கொள்ளச் சொன்னது. பதினொரு மின்னஞ்சல்கள். கடைசியில் தளம் திருப்பித் தந்தது, வரியாக அல்ல, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளும் கூப்பனாக. கூப்பனை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று ஆடிட்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திருப்பி அனுப்பும் சரக்கிலும் இதே கதைதான். 'பணம் திருப்பப்பட்டது' என்று ஒற்றை வாக்கியத்தில் மின்னஞ்சல் வருகிறது. நான் ஏற்கெனவே கழித்த வரியை இப்போது திருத்திக் காட்டியாக வேண்டும், அதற்கு வரியைத் தனியாகப் பிரித்துக் காட்டும் கிரெடிட் நோட், அதாவது திருப்பிய தொகைக்கு விற்றவர் தரும் சீட்டு, வேண்டும். நாணய மாற்றிலோ ஒரே பார்சலுக்கு மூன்று விகிதங்கள்: நீங்கள் போட்டது, அட்டை கொடுத்த வங்கி போட்டது, சுங்கம் போட்டது. நீங்கள் எந்த விகிதத்தில், எந்த நாளில் போட்டீர்கள் என்று இன்வாய்ஸில் அச்சடித்துவிட்டால் எனக்கு ஓர் இரவு மிச்சம்.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. நான் எந்தத் திரையை எத்தனை விநாடி பார்த்தேன் என்பது வரை உங்களுக்குத் தெரிகிறது. வரி எண் கேட்கும் கட்டத்தைப் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே கொண்டுவாருங்கள். அந்த எண் சரக்கோடு சுங்கம் வரை போகட்டும். வரி பிடித்திருந்தால் பிடித்தவர் எண், கட்டியவர் எண், சதவீதம், தொகை எல்லாம் உள்ள இன்வாய்ஸை ஆர்டர் பக்கத்திலேயே இறக்கிக்கொள்ள விடுங்கள். 'பரிசு' என்று டிக் போடும் கடைக்காரர்களை நீங்களே தடுங்கள், நாங்கள் சொன்னால் அவர்கள் கேட்பதில்லை.

இந்த முறை கணக்கில் எனக்கு இன்வாய்ஸ் இல்லாத ஆர்டர்கள் பதினேழு. எல்லா எண்களையும் எழுதி உங்கள் உதவி மையங்களுக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பதிலாக ஆர்டர் பக்கத்தின் படத்தை அனுப்ப வேண்டாம். அது என்னிடம் பதினேழும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளரான ஒரு பட்டறைக்காரன்