அவருக்காகச் செபிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலையில் உங்கள் பத்திரிகையில் நான் முதலில் திறப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். வயது அப்படி. அண்மைக் காலமாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தரும் நினைவஞ்சலிகளில் ‘விண்ணகத்தில் இளைப்பாறும் எங்கள் அப்பா’ என்ற வகை வரிகளே நிறைந்திருக்கின்றன. ‘அவருக்காகச் செபியுங்கள்’ என்ற வேண்டுகோளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் திருகோணமலையில் ஓர் அடக்கப் பூசைக்குப் போயிருந்தேன். காலமானவர் என் பால்ய நண்பர். நல்ல மனிதர், ஆனால் முன்கோபி; காணித் தகராறில் சொந்தத் தம்பியோடு 20 வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர். இரங்கலுரை ஆற்றிய நால்வரும் அவரை நேரே மோட்சத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்க ரோமாபுரி வருடக்கணக்கில் விசாரிக்கிறது. இங்கே பத்து நிமிடம் போதுமாயிருந்தது. மோட்சம் சேருமுன் பாவக் கறை தீர உத்தரிக்கிற ஆத்துமாவுக்குத்தான் நம் செபம் தேவை; மோட்சம் சேர்ந்துவிட்டவருக்கு இனி யார் செபிப்பார்? என் நண்பரைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது.

விவிலியத்தின் மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் மடிந்த தம் வீரர்களின் உடைக்குள், யூதருக்கு விலக்கப்பட்ட யாம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்துகள் இருந்ததை யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே காண்கிறார். அதை மூடி மறைத்து அவர்களை மாவீரர் என்று பாடவில்லை. ஏறக்குறைய 2,000 வெள்ளி திராக்மா தண்டி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி யெருசலேமுக்கு அனுப்புகிறார். புனித அகுஸ்தீனாரின் தாய் புனித மோனிக்காவும் 387இல் ரோமாபுரிக்கு அருகே ஓஸ்தியாவில் சாகக் கிடந்தபோது பிள்ளைகளிடம் கேட்டது அதைத்தான்: உடலை எங்கேயாவது அடக்குங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

என் அம்மம்மாவுக்கு இந்தக் கதைகள் தெரியாது. இரவுச் செபமாலை முடிந்து நாங்கள் பாயை உதறும் நேரம் பார்த்து, ‘நினைப்பாரில்லாத உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒரு பரலோக மந்திரம்’ என்று மறுபடி முழங்காலில் இருத்திவிடுவார். இறந்தோரை நினைக்கும் நவம்பர் 2ஆம் திகதி பெரும்பாலும் மழைதான். சேமக்காலையில் சிரட்டைக்குள் மெழுகுதிரியை நட்டு, குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் திரிக்குப் பிடிப்பார். தாத்தாவின் கல்லறைக்கு ஒன்று. பக்கத்தில் சிலுவை உக்கிப் பெயர் அழிந்துபோன குழிக்கும் ஒன்று. 2004 கடல்கோளுக்குப் பிறகு, உடல் கிடைக்காதவர்களுக்கென்று நானும் ஒன்று சேர்த்துக் கொளுத்துகிறேன்.

கன்னியா வெந்நீரூற்றடியில் அந்தியேட்டி செய்யும் எங்கள் சைவ அயலவர்கள்கூட, போனவருக்குச் செய்ய வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது என்றுதானே அங்கே போகிறார்கள்?

என் அறிவித்தலை நானே எழுதி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். பெயர், வயது, அடக்க நேரம், கீழே ‘செபியுங்கள்’ என்ற ஒரு சொல். கவிதை வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. அந்த இடத்துக்கு நீங்கள் வாங்கும் கட்டணம் மிஞ்சுமல்லவா, அது எனக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் காசு.

மூத்த வாசகன்,
திருகோணமலை